நாற்பத்தொன்பதாவது மணி

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. 'கதாநாயகியை ஏன் ஐயா சாகடித்தீர்?' என்று கேட்பது ஒன்று. 'இன்னும் ஏன் ஐயா சாகடிக்கவில்லை?' என்று கேட்பது மற்றொன்று. இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் எழுதிவிடலாம். சென்ற ஆண்டு எனக்கு வந்த ஒரு கடிதம் இந்த இரண்டு ஜாதியிலும் சேரவில்லை. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. நேரில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள். நான்கு பக்கம். எழுதியவர் ஒரு பெண்மணி, ஊர் தாமல். விஷயம் இதுதான். என்னுடைய தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் லாரியில் அடிபட்டு நினைவை இழக்கிறான். இருபத்தாறு வாரம் தாடி வளர்த்துக்கொண்டு அலைகிறான். கடைசி அத்தியாயத்தில் மாடிப்படியில் உருண்டு விழுந்து மறுபடியும் தலையில் அடிபட்டதும் எல்லாம் ஞாபகம் வந்து, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சுபம்.

'சார், என் புருஷனும் தலையில் அடிபட்டவர். உங்கள் கதையை என் மாமியாருக்கு வாராவாரம் நான்தான் படித்துக் காட்டினேன். கடைசி வாரம் படித்ததிலிருந்து அவர்கள், நாமும் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். நான் வெளியே போகும்போது பயமாயிருக்கிறது. தட்டலாமா, கூடாதா என்று அவர்களுக்கு நீங்களே ஒரு வரி எழுதுங்கள். இதை யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.'

யாரைக் கேட்டு எழுதினேன்? ஒருவரையும் கேட்கவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தவன் நான். மூளையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் சினிமாக் கொட்டகையில் அறிந்ததுதான். அந்த லட்சணத்தில் நான் எழுதிய வைத்தியத்தை ஒரு கிழவி நம்பி, மகன் தலையைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்கே பஸ் ஏறினேன்.

தாமலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், பார்த்தது தெரிந்திருக்காது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் தாண்டி, பாலுசெட்டிசத்திரத்துக்கும் அப்பால், சாலையை ஒட்டினாற்போல் ஒரு பெரிய ஏரி வரும். நல்ல மழை பெய்த வருஷமானால் காருக்குள் இருக்கும் குழந்தைகள் 'கடல், கடல்' என்று கூவும். அதுதான் தாமல் ஏரி. தொண்டைமண்டலத்தை இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்திருந்த காலத்தில் ஒரு கோட்டத்துக்கே தாமல் கோட்டம் என்று பெயர். இன்று கோட்டம் போய்விட்டது. ஏரி இருக்கிறது, வராகீஸ்வரர் கோயில் இருக்கிறது, சாலை இருக்கிறது. சாலையில் நாள் முழுவதும், இரவு முழுவதும், லாரி இருக்கிறது.

அந்தச் சாலையில்தான் அந்த மனிதர் விழுந்தார். வயது முப்பத்தாறு. பட்டுத்தறி நெய்கிறவர். காஞ்சிபுரத்தில் புடவையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிய இரவு அது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின்மேல் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. தலைதான் போயிற்று. பதினேழு நாள் பிரக்ஞை இல்லை. மூளை வீங்கியதால் மண்டை ஓட்டில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, கெட்டுப்போகாமலிருக்க அவர் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். சில மாதம் கழித்து அதை எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகச் செய்கிற காரியம்தான் இது. கதையில் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நாற்பத்தோராம் நாள் வீடு வந்து சேர்ந்தார். ஊரே வந்து பார்த்தது. 'மறுஜென்மம்!' என்றது. ஆரத்தி எடுத்தது. நம்முடைய கதைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் முடிகின்றன. அந்த அம்மாளின் கதை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

"ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் எனக்கு பயமில்ல சார். ஒரு நாளு ராத்திரி திடீர்னு வேர்த்து ஊத்தி, ஒடம்பு கொதிச்சு, கை காலெல்லாம் கட்டையா வெறச்சுப் போச்சு. நர்சம்மா ஓடியாந்து ஊசி போட்டாங்க. வூட்டுக்கு வந்தப்புறம் யாரு ஓடியாருவாங்க?" என்றார்.

அந்த ராத்திரி நடந்ததற்கும் காரணம் உண்டு. மூளை மருத்துவம் படித்த ஒரு நண்பரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருதயத் துடிப்பு, மூச்சு, வேர்வை, உடம்புச் சூடு இவற்றையெல்லாம் நம்மைக் கேட்காமலே நடத்துகிற நரம்பு மண்டலம் ஒன்று உண்டு. அதற்கு மேலே இருந்து கடிவாளம் பிடிப்பது மூளை. கடிவாளம் அறுந்தால் குதிரை தறிகெட்டு ஓடும். அதுதான் அந்த வேர்வையும் கொதிப்பும் விறைப்பும். பார்க்கிறவர்களில் ஒருவர் விஷக் காய்ச்சல் என்பார், இன்னொருவர் சாமி வந்தது என்பார்.

மண்டைக்குள் நடக்கிற சேதமும் நாம் நினைக்கிற மாதிரி ஒரே இடத்துக் காயமல்ல. ஓடுகிற வண்டி சட்டென்று நிற்கும்போது மண்டை ஓடு நின்றுவிடுகிறது; உள்ளே இருக்கிற மூளை, கிண்ணத்துக் கூழைப்போல் ஆடிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் நரம்பிழைகள் அங்கங்கே இழுபட்டு அறுகின்றன. பெரிய ரத்தக் கட்டு ஸ்கேனில் தெரியும்; இந்த அறுபட்ட இழைகள் பல சமயம் ஸ்கேனில்கூடத் தெரிவதில்லை. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மாள் சொன்னார்: "பாவு முறுக்கேறிப் பொட்டு பொட்டா அறுந்த மாதிரி. மேலாக்க பார்த்தா துணி நல்லாத்தான் தெரியும்."

எனக்கு வேறு உவமை தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துணி எங்கெங்கே அறுந்திருக்கிறது என்பது ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்து, 'சோறு போடவில்லை' என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டார். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்டார். வாசனை அறியும் சக்தி போய்விட்டது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாலு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் காதைப் பொத்திக்கொண்டார். பத்து நிமிஷம் பேசினால் ஒரு நாள் வெட்டி வேலை செய்தவர்போல் களைத்துப் படுத்துவிட்டார். முன்னால் அதிர்ந்து பேசாத மனுஷன், இப்போது தட்டை வீசினார், வீசிவிட்டு அழுதார். எட்டாம் மாதம் காக்காய் வலிப்பு வந்தது.

இதில் ஒன்றுகூட அபூர்வமல்ல என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையில் கடுமையாக அடிபட்டவர்களுக்கு இவை எல்லாம் வரக்கூடியவை. வைத்திய நூல்களில் வரிசையாக எழுதி வைத்திருப்பவை. கடுமையான காயம் பட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, முப்பது ஆண்டுக்குள் எப்போதாவது வலிப்பு வருகிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மாள் கையில் கொடுத்த காகிதத்தில் மாத்திரைகளின் பெயர் இருந்தது, மறுபடி வர வேண்டிய தேதி இருந்தது. உங்கள் புருஷனாக ஒருவர் வந்தார், வேறொருவராகத் திரும்பிப் போகிறார் என்கிற சமாசாரம் இல்லை.

சொல்லாத இடத்தை ஊர் நிரப்பிற்று. தள்ளாடி நடந்தால் 'குடித்திருக்கிறான்' என்றது. நாக் குழறினாலும் அதேதான். எரிந்து விழுந்தால் 'திமிர். பெண்டாட்டி கொடுக்கிற இடம்'. வேலைக்குப் போகாவிட்டால் 'சோம்பேறி'. வலிப்பு வந்ததும் 'முச்சந்தியில் விழுந்தானே, காத்து கருப்பு பிடித்துக்கொண்டது' என்று ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார்கள். அவன் வேப்பிலை அடித்ததோடு நில்லாமல் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னான். நிறுத்திய நான்காம் நாள் மூன்று முறை வலிப்பு. ஓடி வந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களே தவிர, ஒருக்களித்துப் படுக்க வைக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

சாவிக்கொத்து யார் கற்றுக்கொடுத்தது? நாம்தான். நாமும் நம் சினிமாவும்தான். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று எத்தனை படத்தில் காட்டியிருக்கிறார்கள்! இரும்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சில நிமிஷத்தில் பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே நிற்கின்றன. நின்ற புண்ணியத்தை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்கிற ஒரே ஒரு உண்மையை எந்தப் படமும் சொன்னதாக ஞாபகமில்லை.

இனி என் தொழிலைப் பற்றியே பேசுகிறேன். 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யைப் பார்த்து நானும் அழுதவன்தான். கார் விபத்தில் அடிபட்டுக் குழந்தையாகிவிட்ட பெண், நாட்டு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையில் முழுவதும் தெளிந்து எழுந்து ஊருக்குப் போய்விடுகிறாள். 2005-ல் வந்த 'கஜினி'யில் தலையில் அடிபட்டவன் பழி வாங்கும் யந்திரமாகிறான். கலை என்ற முறையில் அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் நாற்பது வருஷமாக நாம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ஞாபகம் என்பது வீட்டு விளக்கைப்போல் ஒன்று. ஒரு அடியில் அணையும், மறு அடியில் எரியும். பழைய ரேடியோப் பெட்டி கரகர என்றால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவோமே, அந்த ஞானம்தான். 2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' ஒரு விதிவிலக்கு. அதன் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே கிரிக்கெட் ஆடும்போது கீழே விழுந்து தலையில் அடிபட்டு நடந்ததை வைத்து எடுத்த படம் அது. கேட்டதையே கேட்கும் அந்தத் தவிப்பு அதில் உண்மையாக இருந்தது. உண்மையில் நடந்ததை வைத்து எடுத்தால்தான் உண்மை வருகிறது போலும்!

அடிபட்ட மூளைக்கு இரண்டாவது அடி, விமோசனமல்ல, பேரபாயம். முதல் காயம் ஆறுமுன் படுகிற சின்ன அடிகூட உயிரைக் குடிக்கலாம். இதை அந்த மாமியாரின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். "கதையில எழுதினீங்களே தம்பி?" என்று கேட்டார். "பொய் எழுதிட்டேம்மா" என்றேன். இருபது வருஷ எழுத்து வாழ்க்கையில் ஒரு வாசகரிடம் நான் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அது.

என் பாவத்தை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு மேல்மருவத்தூரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' என்று பெயர். சாலையில் அடிபட்டவர் யாராயிருந்தாலும், எந்த ஊராயிருந்தாலும், முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்றது. இரண்டும் நல்ல காரியங்கள். தாமல் நெசவாளி இன்று உயிரோடிருப்பதற்கு முதல் திட்டமும் 108 வண்டியும் காரணம். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

நான் கேட்பது நாற்பத்தொன்பதாவது மணியைப் பற்றி. எட்டாவது நாளைப் பற்றி. எட்டாவது மாதத்தைப் பற்றி.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். காயம் பட்டவர்கள் 4,43,366 பேர். இது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தேசத்திலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. செத்தவன் ஒரு நாள் சாகிறான், கணக்கு முடிந்தது. காயம் பட்டவன் அன்றைக்குக் கணக்கில் ஏறுகிறான். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான், தறிக்குத் திரும்பினானா, மனைவியை அடையாளம் கண்டானா என்று எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்?

இன்னொன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008 செப்டம்பரில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் என்ற பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச் சாவு அடைந்தபோது, வைத்தியர்களான அவன் பெற்றோர் அவனுடைய இருதயத்தையும் மற்ற உறுப்புகளையும் தானம் செய்தார்கள். உறுப்பு தானம் என்ற சொல்லையே தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்த பெருஞ்செயல் அது. 2023-லிருந்து உறுப்பு தானம் செய்கிறவர்களுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மூளை செத்தவனுக்கு மலர் வளையம் வைக்கத் தெரிந்த சமூகத்துக்கு, மூளை காயப்பட்டு உயிரோடிருப்பவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்றுகூடத் தெரியவில்லை. 'லூசு' என்கிறது.

பெயர் இல்லாததன் கொடுமையை அந்த அம்மாள் ஒரு அலுவலகத்தில் அனுபவித்தார். இயலாமைச் சான்றிதழுக்குப் போயிருக்கிறார். எந்த அலுவலகம், யார் என்பது இங்கே அநாவசியம். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். பெயரைக் கேட்டார்கள், சொன்னார். "எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நிமிஷத்துக்குமேல் உட்கார வைத்து, சற்றுமுன் கேட்டதைத் திரும்பக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. நல்ல சட்டம். ரத்தம் உறையாத நோய் இருக்கிறது, பார்க்கின்சன் நோய் இருக்கிறது, ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். நீடித்த நரம்பு நோய்கள் என்று ஒரு தலைப்பும் இருக்கிறது. விபத்தில் அடிபட்ட மூளை என்று பெயர் சொல்லி ஒரு வரி இல்லை. ஆகவே அவன் கையில் ஊனம் இருந்தால் கைக்காக, காலில் இருந்தால் காலுக்காக, புத்தியில் இருந்தால் அந்தத் தலைப்பில், பிய்த்துப் பிய்த்துத் தன்னை நிரூபிக்க வேண்டும். நாற்பது சதவிகிதம் தேறினால்தான் சலுகை. மறதிக்கு எத்தனை சதவிகிதம்? முன்கோபத்துக்கு எத்தனை? களைப்புக்கு?

"பிழைத்ததே புண்ணியம். அதற்குமேல் ஏழை தேசம் என்ன செய்ய முடியும்? இதெல்லாம் அமெரிக்காக்காரன் செய்ய வேண்டிய வைத்தியம்" என்று ஒரு கட்சி உண்டு. படித்தவர்களே பேசுகிறார்கள். அவர்களைத் தாமல் சாலையிலேயே மேற்கே கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன். அதிக தூரமில்லை. வேலூர்.

இந்தியாவிலேயே முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேகப் சாண்டி 1949-ல் வேலூரில்தான் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சுதந்திரம் வந்து சில வருஷமே ஆன, அரிசிக்கு ரேஷன் கார்டு தூக்கிய தேசம் அது! 1962-ல் இந்திய கிரிக்கெட் காப்டன் நாரி கண்ட்ராக்டருக்குப் பார்படோஸில் பந்து பட்டு மண்டை உடைந்தது. அங்கே உயிர் காக்கும் அறுவை சிகிச்சைகள் நடந்தன; எதிரணிக் காப்டன் பிராங்க் வாரெல் ரத்தம் கொடுத்தார். பிறகு அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர் நம் வேலூர் டாக்டர் சாண்டி. அந்தத் தகடு அறுபது வருஷம் உழைத்து, 2022-ல்தான் வெளியே எடுக்கப்பட்டது. கண்ட்ராக்டர் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. ஆனால் முதல்தரப் பந்தயங்களில் மட்டையோடு இறங்கினார். நீண்ட ஆயுளைக் கண்டார்.

அதே வேலூரில் 1954-ல் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய்ப் புனர்வாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பி, அதற்கென்று ஒரு துறையை நடத்தினார். 1966-ல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறந்தது. உயிரைக் காப்பாற்றியதோடு வைத்தியம் முடியவில்லை, வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும்வரை அது முடியாது என்பதை, சக்கர நாற்காலியிலிருந்து ஒரு வேலூர் வைத்தியர் ஊருக்குக் காட்டி அறுபது வருஷம் ஆகிறது. இதை அமெரிக்காக்காரன் வைத்தியம் என்றா சொல்வது?

வைத்தியத்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கடுமையாகத் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி 2021-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இரண்டு வாரம் கழித்தும் பிரக்ஞையற்றுக் கிடந்தவர்களில், பிழைத்தவர்களில் முக்கால் பங்கினர் ஓராண்டுக்குள் பிரக்ஞை பெற்றார்கள். நாலில் ஒருவர் தாம் யார், எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் அளவுக்குத் தேறினார். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடக்கும். எல்லாருக்கும் அல்ல, முழுவதுமாகவும் அல்ல. நான் இன்னொரு பொய் எழுத விரும்பவில்லை. ஆனால் 'இவ்வளவுதான்' என்று ஓரு மாதத்தில் கைகழுவுவதும், 'ஒரு தட்டில் சரியாகும்' என்று நம்புவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

1848-ல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்ற ரயில் பாதைத் தொழிலாளியின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கடப்பாரை உச்சந்தலை வழியே வெளியேறிற்று. பிழைத்தான், ஆனால் குணம் மாறிவிட்டான் என்று பாடப் புத்தகங்கள் எல்லாம் எழுதுகின்றன. அவை பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, அவன் பின்னால் சிலி தேசத்தில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான் என்பது. தினம் ஒரே வழி, ஒரே நேரம், ஒரே வேலை. அந்த ஒழுங்கு அவனைத் தேற்றியிருக்க வேண்டும் என்று இப்போது சிலர் கருதுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தாமல் வீட்டுத் தறி ஞாபகம் வந்தது.

பதினான்காம் மாதம் அந்த அம்மாள் தாமாகவே ஒரு காரியம் செய்தார். புருஷனைத் தறிக் குழியில் உட்கார வைத்தார். கை மறக்கவில்லை, நாடா ஓடிற்று, கால் மிதித்தது. ஆனால் எத்தனை இழை போட்டோம் என்பது அடுத்த நொடியில் மறந்தது. பூ வேலை குளறிற்று, கோபம் வந்தது, நாடாவை வீசினார். அந்த அம்மாள் பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை வைத்தார். ஒரு வரிசை முடிந்தால் ஒரு கொட்டை அந்தக் கிண்ணத்திலிருந்து இந்தக் கிண்ணத்துக்கு. முதலில் கால் மணி நேரம். களைப்பதற்கு முன்னாலேயே எழுப்பிவிடுவார். பிறகு அரை மணி. வேலை நேரத்தில் ரேடியோ கிடையாது, பேச்சுக் கிடையாது. சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்: சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று. நான் போனபோது அவர் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நெய்துகொண்டிருந்தார். கோர்வைப் புடவை முடியாது. சாதாரணக் கரை போட்டது முடிகிறது. கூலி பாதிதான். பாதிக் கூலி.

என் நண்பரிடம் இதைச் சொன்னேன். "மறதியைச் சுற்றி வழி போடுவது, வேலையைச் சிறு துண்டாக்குவது, களைப்புக்கு முன்னால் ஓய்வு, இரைச்சலைக் குறைப்பது. மூளைக் காயப் புனர்வாழ்வில் நாங்கள் கற்றுக்கொடுப்பது இதைத்தான்" என்றார். அந்த அம்மாள் எட்டாவது வரை படித்தவர். பதினான்கு மாதம் தடவித் தடவித் தாமாகக் கண்டுபிடித்ததை, முதல் மாதமே ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்திருந்தால்?

அந்தப் பதினான்கு மாதத்துக்கு யார் கூலி கொடுப்பது? 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. விபத்தில் மூளை சிதைந்து கைக்குழந்தையின் புத்தியோடு நின்றுவிட்ட ஒரு சிறுமியின் வழக்கு. அவளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு மாதம் ஐயாயிரம் என்று பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, மொத்த நஷ்ட ஈட்டை அறுபத்திரண்டு லட்சத்துக்கு மேல் உயர்த்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு விலை உண்டு என்று தேசத்தின் தலைமை நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. வழக்குப் போடாத வீட்டில் மட்டும் அந்த ஆளுக்குப் பெயர் 'பெண்டாட்டி'; கூலி பூஜ்யம்.

நான் கோடிகளைக் கேட்கவில்லை. மூளையில் அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது, இனி என்னென்ன வரலாம், எது வந்தால் ஓடி வர வேண்டும், வலிப்பில் என்ன செய்யக் கூடாது என்று தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு வீடு தேடிப் போயிற்று. இயன்முறை வைத்தியரையும் அழைத்துப் போயிற்று. அந்த மாதிரி வீடு தேடிப் போகிறவர்களுக்கு இந்த மறதியையும் கோபத்தையும் அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருஷ முடிவு என்று நான்கு தடவை அந்தப் படியேறச் சொல்லுங்கள். சான்றிதழ்ப் பட்டியலில் இந்தக் காயத்துக்கு அதன் சொந்தப் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பணம் கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு நாற்பத்தொன்பதாவது மணிக்கு ஒரு தாள் அச்சடிக்க முடியாதா?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். விபத்துக்குப் பிறகு 'ஒரு மாதிரி ஆகிவிட்டார்' என்று நீங்கள் ஒதுக்கி வைத்தவர். தள்ளாடினால் குடி என்று முடிவு கட்டுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர் வீட்டு அம்மாளிடம் 'எப்படி இருக்கிறார்?' என்று மட்டும் கேட்காமல், 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள்.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். மாடிப்படி இல்லை. கதாநாயகன் மனைவியின் பெயரை மறக்கிறான், அவள் சொல்கிறாள், மறுநாளும் மறக்கிறான், மறுநாளும் சொல்கிறாள். 'முடிவு சப்பென்று இருக்கிறதே ஐயா' என்று பிரசுரகர்த்தர் குறைப்பட்டார். முதல் பிரதியைத் தாமலுக்கு அனுப்பினேன். ஒரு கார்டு வந்தது: 'மாமியாருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இப்போது சரியாக எழுதியிருக்கிறீர்களாம். ஒரு வேண்டுகோள். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'

சேர்த்துவிட்டேன்.